கண் மட்டும் விழித்திருந்தது

நேற்றுக் காலை தெமோதரைச் சந்தியில் மொனராகலை பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு அம்மா என் ஆட்டோவில் ஏறினார். மடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டு. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அந்த வாசனை முன்னால் வந்துவிட்டது. வேப்பிலை. பேரப்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். நம் பக்கத்துக் குளிருக்கு வேம்பு வளராது என்பதால் மகள் வீட்டிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். "என்னா தம்பி, வண்டிக்கு என்னமும் கோளாறா?" என்று கேட்டார். எஞ்சின் சூடாகிவிட்டதென்று பொய் சொல்லிவிட்டு, இறங்கிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைக் கொண்டுபோய் விட்டதும் வேறு சவாரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து நம் மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்கு என்ன எழுதுவது?

நமக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீ பாயில் மல்லாந்து படுத்திருந்தாய். நான் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். துணி எடுக்க உள்ளே வந்தபோது உன் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். பதில் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உன் கண்மணி மட்டும் அசைந்தது. விரல்கூட அசையவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. பயந்துபோய் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாய்.

"நீங்க மூணு தரம் கூப்பிட்டீங்க. மூணும் கேட்டுச்சு," என்றாய். "வாயைத் தொறக்க முடியல."

பிறகு மெதுவாகத்தான் சொன்னாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற வயதிலிருந்தே இது வருகிறது. தூக்கம் பிடிக்கிற நேரத்தில் வரும், இல்லையென்றால் விழிக்கிற நேரத்தில். புத்தி விழித்திருக்கும், உடம்பு கல்லாகிக் கிடக்கும். வாசற்படியில் முகம் தெரியாத ஒரு ஆள் நிற்கும். சில தடவை உள்ளே வந்து நெஞ்சின்மேல் உட்காரும். கத்துவாய், சத்தம் வராது. உன் வீட்டில் ஒருவரிடமும் நீ சொன்னதில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடமும் மறைத்தாய்.

நான் சிரித்தேன். கனவு கண்டிருக்கிறாய் என்றேன்.

"கனவுல கண்ணு தொறந்திருக்காதுங்க," என்றாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் நமக்குப் பிள்ளை இல்லை. இடையில் ஒன்று உண்டாகி இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதற்குப் பிறகு, உடம்பு கல்லாகிற அது உனக்கு அடிக்கடி வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் எதை மறைத்து வைக்க முடியும்? ஒரு நாள் விடியற்காலையில் நீ தொண்டைக்குள் முனகியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த என் அம்மா கேட்டுவிட்டார். அமுக்குவான் பேய் பிடித்திருக்கிறது, அதுதான் வயிற்றில் தங்கவிடாமல் செய்கிறது என்றார். அம்மா கெட்டவரில்லை, உனக்கும் தெரியும். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட, ஒற்றை ஆளாகத் தேயிலைக் கொழுந்து பறித்து என்னை வளர்த்தவர். பேரப்பிள்ளை ஒன்றைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் என்னையும் தொற்றியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து பூசாரி ஒருவரை வரச் சொன்னோம். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வேண்டும் என்று நீயும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன்னை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரத்தை எழுத வேண்டியிருக்கிறது.

லயத்துக்குக் கீழே, கோயில் மரத்தடியில் உன்னைத் தலையை விரித்துப் போட்டு உட்காரவைத்தார்கள். பூசாரி உடுக்கை அடித்தார். மொனராகலையிலிருந்து வரவழைத்த வேப்பங்குழைகள் ஒரு பானைத் தண்ணீரில் கிடந்தன. ஆட வேண்டியவள் ஆடவில்லை. அதனால் உன் கையை ஒருவர் பிடிக்க வேண்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் உனக்குப் பின்னால் போய் உட்கார்ந்து உன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தேன்.

"யாரு நீ, சொல்லு," என்று கேட்டார் பூசாரி. நீ உன் பெயரைச் சொன்னாய். குழை உன் தோளில் விழுந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் உன் பெயரைத்தான் சொன்னாய். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து குச்சி மட்டும் மிஞ்சிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நீ வேறு ஒரு பெயரைச் சொன்னாய். உன் பிறந்த தோட்டத்தில் ஆற்றில் விழுந்து செத்த ஒரு பெண் என்றாய். பூசாரிக்கு முகம் மலர்ந்தது. உன் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து நீ தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் தலைக்கு ஊற்றிக்கொண்டாய். நான் துவாயோடு நின்றேன். உன் தோளில் வரிவரியாகச் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

"அப்படி ஒரு புள்ள எங்க தோட்டத்துல இருந்ததே இல்லைங்க. அவரு நிறுத்தணும்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே, கோபம் துளியும் இல்லாத குரலில் இன்னொன்றும் சொன்னாய்.

"இன்னைக்கும் அதே மாதிரிதான் இருந்துச்சு. எல்லாம் தெரியுது, அசைய முடியல. அதுல பிடிச்சிருக்கிறது யாருன்னு தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சிச்சு."

அதன் பிறகு ஒரு வருடம் நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேய் போய்விட்டதென்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். நீ படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியதை, முதுகு வலி என்று நீ சொன்னதற்காக முதுகு வலி என்றே எடுத்துக்கொண்டேன். கண்ணைச் சுற்றிக் கருத்து, ஆளே பாதியாகிவிட்டாய். படுத்தால் அது வரும், வந்தால் முனகல் கேட்கும், கேட்டால் மறுபடியும் மரத்தடிக்குக் கூட்டிப் போவார்கள். இவ்வளவையும் நீ தனியாகவே யோசித்துத் தனியாகவே சுமந்திருக்கிறாய்.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும்போது தலை சுற்றி, கூடையோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தாய். கணுக்கால் வீங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலைப் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். அங்கே வேலை செய்த பதுளை டவுன் முஸ்லிம் அம்மா ஒருவர் நமக்கும் டொக்டருக்கும் நடுவில் நின்று மொழி மாற்றிச் சொன்னார். ஏன் விழுந்தாய், சாப்பிடவில்லையா என்று டொக்டர் கேட்டார். தூக்கமில்லை என்றாய். ஏன் தூக்கமில்லை என்றார். நீ என்னை வெளியே போகச் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாய். மரத்தடியை மட்டும் விட்டுவிட்டாய்.

பாதி சொல்லும்போதே டொக்டர் ஏதோ கேட்டார். அந்த அம்மா உன்னிடம் திருப்பினார்: "வாசல்ல ஆள் நிக்கிற மாதிரி தெரியுமா, நெஞ்சு மேல பாரமா இருக்குமான்னு கேக்கிறாங்க." நீ சொல்வதற்கு முன்பே ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். நீ குனிந்து அழ ஆரம்பித்துவிட்டாய்.

டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். கனவில் ஓடும்போது நிஜக் காலும் எழுந்து ஓடிவிடக் கூடாதென்று உடம்பே தன்னைக் கட்டிப் போட்டுக்கொள்ளுமாம். எல்லோருக்கும் தினமும் நடக்கிற காரியம்தான் அது. சில பேருக்குச் சில நேரம் புத்தி முந்திக்கொண்டு விழித்துவிடும். உடம்பின் கட்டு அவிழப் பிந்திவிடும். கனவும் முழுதாகக் கலைந்திராது. அதனால் ஆள் நிற்பது போலவும் அமுக்குவது போலவும் தெரியும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. தூக்கம் கெட்டால், மனக்கஷ்டம் இருந்தால், மல்லாந்து படுத்தால் கூடுதலாக வரும். தூங்காமல் இருந்து அதைத் தடுக்கப் பார்த்திருக்கிறாய், தூங்காததால்தான் அது வளர்ந்திருக்கிறது என்றார்.

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு மொழி மாற்றியவரிடம் கேட்டாய்: "அப்ப எனக்குள்ள யாரும் இல்லையாம்மா?"

அவர் அதை டொக்டரிடம் திருப்பிக் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்து அவரே சொன்னார். "இல்ல புள்ள. நீ மட்டுந்தான் இருக்கே."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹாலிஎல வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய், பிறகு அழுதாய், மறுபடியும் சிரித்தாய். "எனக்கு ஒன்னும் இல்லையாங்க. ஒடம்பு எந்திரிக்கக் கொஞ்சம் பிந்துதாம், அவ்வளவுதானாம்," என்று என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாய். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அன்றையிலிருந்து நீ அதைப் பழக்கின விதம் எனக்கு இப்போதும் அதிசயம். பழைய சீலையைப் பந்தாகச் சுருட்டி இரவுச் சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டாய். மல்லாந்தால் உறுத்தும், தானாக ஒருச்சாய்ந்து விடுவாய். அந்தி சாய்ந்தால் பிளேன்டீ இல்லை. தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கை, ஒரே நேரத்துக்கு எழும்புதல். அப்படியும் வந்தால் என்ன செய்வதென்று எனக்கும் பாடம் நடத்தினாய். மற்றதெல்லாம் கட்டிக்கிடந்தாலும் மூச்சு மட்டும் உன் சொல் கேட்குமாம். மூக்கால் மூன்று தரம் வேகமாக மூச்சு விடுவாய். அது கேட்டால் நான் உன் உள்ளங்காலைத் தொட வேண்டும். உலுக்கக் கூடாது, கத்தக் கூடாது. நான் இல்லாவிட்டால், சண்டை போடாமல் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கால் சுண்டுவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பாய். "பயந்தா அது நீளும். பயப்படலைன்னா, வந்த வழியே போயிரும்," என்பாய்.

போகப் போகக் குறைந்தது. மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. அடுத்த வருடம் தர்ஷினி பிறந்தாள். பிள்ளைக்காக விழித்துத் தூக்கம் கெட்ட நாட்களில் மறுபடியும் வந்தது. உனக்கு முகம்கூட மாறவில்லை. "வந்துச்சு, போயிருச்சு," என்றுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுப்பாய்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காத்து நிற்கும்போது இதை மற்றப் பெண்களிடம் நீ சொல்ல ஆரம்பித்ததை நான் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கும் இருக்கிறது அக்கா என்று முதலில் ஒருத்தி, பிறகு ஆறேழு பேர். அவர்களில் ஒருத்தி உன்னைப் போலவே மரத்தடியில் அடி வாங்கியவள். அவளை நீயே கையோடு பதுளைக்குக் கூட்டிப் போனாய். பூசாரியை ஒரு நாளும் நீ ஏசியதில்லை. என்னையும்தான்.

நீ போன நாளைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

பகல் பதினொரு மணியிருக்கும். நான் எல்ல டவுனில் இரண்டு வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேலே போயிருந்தேன். போனுக்கு சிக்னல் இல்லை. நீயும் மற்றவர்களும் பறித்துக்கொண்டிருந்த மலையில் மரத்திலிருந்த குளவிக் கூடு கலைந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். ஓட முடியாத இடத்தில் நீ அகப்பட்டுக்கொண்டாய். அசையாமல் குப்புறப் படு என்று மேலேயிருந்து கத்தியிருக்கிறார்கள். நீ இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு அப்படியே கிடந்தாயாம். மற்றவர்கள் கத்திக்கொண்டு உருண்டார்களாம், நீ மட்டும் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாயாம். "அசையாமக் கெடக்க அவளுக்குத்தான் தெரியும்," என்று உன் கூட்டாளி பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். ஆனாலும் உன் உடம்பு அத்தனை கொட்டுகளைத் தாங்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நான் வந்து சேரும்போது உன்னை ஒரு கட்டிலில் வைத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. ஒரு கண் முழுதாக மூடவில்லை.

நான் கால்மாட்டில் போய் நின்று உன் உள்ளங்காலைத் தொட்டேன்.

தொட்டுவிட்டு நின்றேன். அவசரப்படவில்லை, உலுக்கவில்லை, கத்தவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என் தோளைத் தொட்டு, "வாங்க அண்ணே," என்றார்கள்.

கருமாதி முடிந்து சொந்தமெல்லாம் போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அசதியில் கட்டிலில் மல்லாந்தவன் விழித்துக்கொண்டேன். கூரைத் தகரம் தெரிகிறது, வெளியே கோழி கத்துவது கேட்கிறது. கையை எடுக்கப் போனால் கை வரவில்லை. மூச்சு நெஞ்சோடு நிற்கிறது. வாசற்படியில் ஒரு ஆள்.

பயத்தில் செத்துப் பிழைத்தேன் என்று சொல்வார்களே, அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இதை எப்படித் தனியாகத் தாங்கினாய்? இதைச் சொல்ல வந்தவளிடமா நான் சிரித்தேன்?

பிறகு அந்த ஆள் ஒரு எட்டு உள்ளே வைத்தது. நீ. உன் நீலச் சீலை, முக்காடு போட்ட தலை. பேசவில்லை, நின்றாய். அந்தக் கணத்தில் பயம் போய்விட்டது. என் சுண்டுவிரலை நான் அசைக்கவில்லை. அசைத்தால் நீ போய்விடுவாய்.

டொக்டர் சொன்னது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. தெரிந்துகொண்டேதான் செய்தேன். அன்றையிலிருந்து அவர் வேண்டாம் என்றதையெல்லாம் தேடித் தேடிச் செய்தேன். விடிய விடிய விழித்திருந்தேன். கறுக்கக் கறுக்க பிளேன்டீ குடித்தேன். மத்தியானச் சவாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்து உனக்காகக் காத்துக் கிடந்தேன். வாரத்தில் ஒரு நாளாவது வந்தாய். ஒரு தடவை கட்டில் வரைக்கும் வந்தாய். ஒரு தடவை சீலை உன்னுடையது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகும் நான் படுப்பதை நிறுத்தவில்லை. முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டிருந்தது.

என் முனகல் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. காதும் கண்ணும் மங்கிய கிழவிக்கு அது மட்டும் கேட்டிருக்கிறது. ஒரு நாள் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஆயுசு முடியாமல் போனவள், ஆசை விடாமல் வருகிறாள், உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், வயதுக்கு வந்த பிள்ளையும் வீட்டில் இருக்கிறது என்றார். ஆள் பார்த்து அவள் ஆவியைக் கட்டிவிட வேண்டும் என்றார். பழைய பூசாரி செத்துவிட்டார், அவர் மகன் இருக்கிறாராம்.

நான் கை கழுவிவிட்டு வந்து சொன்னேன். "அவளை அந்த மரத்தடில வச்சு நான் ஒரு தரம் பிடிச்சுக் குடுத்தேன்மா. செத்த பெறகும் பிடிச்சுக் குடுக்க மாட்டேன். அவ வரல. வர்றதா இருந்தா நான் ஏம்மா இப்படி அழுதுகிட்டு இருக்கேன்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பிடிக்கச் சொன்னவ நான்தானேடா," என்றார். பூசாரி பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

நான் மட்டும் படுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. விடிந்து வெயில் வந்துவிட்டது, தர்ஷினி எழும்பவில்லை. போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது. கண்மணி மட்டும் அசைகிறது. உள்ளங்காலைத் தொட்டேன். எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பதினாலு வயது, உனக்கு வந்த அதே வயது. முகத்தில் பயத்தோடு கூட இன்னொன்றும் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நான் அதை வைத்துக்கொண்டுதானே ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தேன்.

"அம்மா வந்தாங்கப்பா. வாசல்ல நின்னாங்க. அது அம்மாதானே?"

என்னால் ஆமாம் என்று சொல்லியிருக்க முடியும். நானும் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை வைத்துக்கொண்டிருக்கலாம். பிறகு அவளும் என்னைப் போலத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து மல்லாந்து கிடப்பாள். இல்லையென்றால் ஒரு நாள் முகமில்லாத ஒன்று வாசலில் நிற்கும். அதையும் அம்மா என்றே நினைத்து வாழ்நாளெல்லாம் பயப்படுவாள்.

"இல்லம்மா," என்றேன். "ஒடம்பு எந்திரிக்கக் கொஞ்சம் பிந்துது. அவ்வளவுதான்."

பதுளையில் டொக்டர் சொன்னதையும், மடுவத்தில் நீ மற்றவர்களுக்குச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவுக்கும் இது இருந்தது, அம்மா எப்படிப் பயப்படாமல் இருந்தாள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அப்ப அம்மா இனிமே வரவே மாட்டாங்களா?"

"வர மாட்டாங்கம்மா."

அவள் அழுதாள். நீ செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் அன்றைக்குத்தான் உன்னை உண்மையாகவே பறிகொடுத்தேன். என் வாயாலேயே உன்னை வாசலிலிருந்து அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு நான் மத்தியானத்தில் படுப்பதில்லை. இரவில் ஒருச்சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுக்கிறேன். தூக்கம் வருகிறது. நீ வருவதில்லை.

அவளுக்கு அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை மூக்கால் மூன்று தரம் மூச்சு விட்டு என்னைக் கூப்பிட்டாள், இரண்டாம் தடவை தானாகவே சமாளித்துக்கொண்டாள். உன் பிள்ளை. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இந்தக் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுகிறீர்கள் என்றாள். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. அவளிடம் ஒரு நாளும் சொல்லாத அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். உன்னைப் பிடித்திருந்தது யார் என்பதையும் சொன்னேன். பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். முகம் உன்னைப் போலவே இறுகிப்போனது.

"நீங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?"

இல்லை என்றேன்.

பையைக் கழற்றிக்கொண்டே, "கேட்டிருந்தா மன்னிச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மன்னித்திருப்பாய். அது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஒரே காம்பராவில், கை எட்டுகிற தூரத்தில் நீ படுத்திருந்தாய். நான் கேட்கவில்லை.